கிணற்றுக்கு வெளிச்சம்

நாகமணியின் வீட்டில் கிணறு, சாப்பாட்டு அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருந்தது. முதலில் அது பின்முற்றத்துக் கிணறுதான். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் அந்த வீட்டை வாங்கியபோது காணியில் பாதி முற்றமாகக் கிடந்தது. பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த உறவினருக்கு அறைகள் தேவைப்பட, பின்பக்கத்தை நீட்டிக் கட்டினார்கள். கிணறு உள்ளே அகப்பட்டுக்கொண்டது. கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகள் வைத்து அதை அப்படியே விட்டார்கள். சுனாமிக்குப் பிறகு தண்ணீர் உவர்த்துப்போனதால் குளிப்பதும் உடுப்புத் தோய்ப்பதும் மட்டும் அதில் நடந்தன.

நாகமணிக்கும் மனைவி நாகேஸ்வரிக்கும் ஒரே பிள்ளை, கௌரீசன். பம்பலப்பிட்டியில் ஒரு கம்பியூட்டர் கடையில் வேலை. இருபத்துநான்கு வயது. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு பரிமாறிய பிறகு, தயிர் வாங்கிவருகிறேன் என்று சந்திக் கடைக்குப் போனான். இலக்கத் தகடில்லாத வெள்ளை வான் ஒன்று வந்து நின்றதையும், இரண்டு பேர் அவனைக் கையில் பிடித்து ஏற்றியதையும் இளநீர் விற்கிறவன் கண்டான். அன்றைக்குச் சொன்னான். மறுநாள் பொலிஸுக்கு வந்து சொல்லக் கேட்டபோது, தான் ஒன்றும் காணவில்லை என்றான். அடுத்த கிழமை அவனுடைய வண்டிலும் அந்தச் சந்தியில் இல்லை.

நாகமணி தபால் கந்தோரில் முப்பத்தொரு வருடம் இருந்து இளைப்பாறியவர். மூன்று பாஷையிலும் முத்து முத்தாக எழுதுவார். ஒழுங்கையில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். இப்போது தன் பிள்ளைக்காக எழுதினார். பொலிஸுக்கு, அமைச்சுக்கு, ஆணைக்குழுவுக்கு, செஞ்சிலுவைக்கு, பிஷப்புக்கு. முறைப்பாடு மட்டும் நாகேஸ்வரியின் பெயரில் இருந்தது. தாய் கொடுத்தால் கவனிப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நிலையத்தில் கொடுத்த முறைப்பாட்டுத் துண்டை அவள் பொலித்தீன் பையில் போட்டு, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தாள்.

நாளெல்லாம் அவள் கிணற்றுக் கட்டில் இருந்தாள். சமையலும் அரைகுறைதான். வைகாசியில் ஒரு விடியற்காலை நாகமணி எழும்பி வந்தபோது, அவள் கட்டின் மேல் ஏறி, கப்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். அவர் ஓடிப்போய் இடுப்பில் பிடித்து இறக்கினார்.  

“விழப் போகேல்லை. பாத்தனான்” என்றாள்.



அன்றைக்கே மேசனைக் கூப்பிட்டார். மேசன் எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு லோட் மணல் கொட்டினால் அரைநாள் வேலை என்றான். நாகேஸ்வரி அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கௌரீசன் பிறந்த நாற்பத்தோராம் நாள் அவனை முதன்முதலாக முழுக வார்த்தது அந்தக் கிணற்றுத் தண்ணீரில் என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். மேசன் போய்விட்டான்.

வழி சொன்னவர் ஸாலிஹ். காலி வீதியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். நாகமணிக்கு இருபது வருடப் பழக்கம். கிணற்றைத் தூர்க்கவும் வேண்டாம், திறந்து வைக்கவும் வேண்டாம், தடித்த கண்ணாடியால் மூடிவிடலாம் என்றார். கட்டை இடித்துத் தரையோடு சமப்படுத்தி, இரும்புச் சட்டம் பதித்து, மூன்று கண்ணாடிகளை ஒன்றாக ஒட்டிப் போட்டால் பத்துப் பேர் ஏறி நின்றாலும் அசையாது. ஒரு நகைக் கடை வாசலில் அவர் அப்படிச் செய்து கொடுத்திருக்கிறார்.

“அம்மாக்குப் பாக்க ஏலும். விழ ஏலாது. அவ்வளவுதான் நான் செல்றது” என்றார் ஸாலிஹ்.

நாகேஸ்வரியிடம் கேட்டார்கள். அவள் வேண்டாமென்று சொல்லவில்லை.

கட்டை இடிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தபோது, கொட்டாஞ்சேனையில் ஒரு பெடியன் விடுபட்டு வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு நாகேஸ்வரி போனாள். ஏழு மாதத்தில் அவள் பொலிஸுக்கும் கந்தோர்களுக்கும் தவிர வெளியே போனது அன்றைக்குத்தான். அந்தப் பெடியன் நான்கு மாதம் எங்கேயோ இருந்தவன். கௌரீசனின் படத்தைப் பார்த்துவிட்டு, தெரியாது என்று தலையாட்டினான். வேறொன்றும் பேசமாட்டேன் என்றிருந்தவன், அவள் எழும்புகிறபோது மட்டும், தங்களை வைத்திருந்த இடத்தில் வெளிச்சம் என்பதே இல்லை, பகலா இரவா என்று தெரியாது என்று சொன்னான்.

வீட்டுக்கு வந்து அவள் நேரே கிணற்றடிக்குப் போனாள். ஸாலிஹ் சட்டத்துக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

“மூடினாப்பிறகு உள்ளுக்கு இருட்டாத்தானே இருக்கும்?” என்று கேட்டாள்.

ஓம், இருட்டாகத்தான் இருக்கும் என்றார் அவர்.

“அப்ப லைற் போடுங்கோ. அடிமட்டும் தெரியிற மாதிரி.”

நாகமணி அவளைப் பார்த்தார். ஸாலிஹ் அளவு நாடாவைச் சுருட்டி, நல்ல ஆளொருவன் இருக்கிறான், நாளைக்குக் கூட்டிவருகிறேன் என்றார்.

அந்த ஆள்தான் இராமர். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பதினாறு வயதில் கொழும்புக்கு வந்து, கடைகளில் வேலை செய்துகொண்டே வயரிங் பழகியவர். இப்போது முப்பத்தெட்டு வயது. கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை வீடு. மனைவி மயிலம்மா சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறாள். மூன்று பிள்ளைகள். அதிகம் பேசாத மனிதர். வந்த முதல் நாள் வாளிக்குள் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துக் கிணற்றுக்குள் இறக்கினார். திரி தண்ணீர் மட்டம்வரை அணையாமல் எரிந்தது. காற்று நன்றாக இருக்கிறது, இறங்கலாம் என்றார்.

இடுப்பில் கயிறு கட்டி, ஒரு பலகையில் உட்கார்ந்தபடி இறங்கினார். மேலே ஸாலிஹின் ஆட்கள் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்தார்கள். கருங்கல் இடுக்குகளில் பாசியைச் சுரண்டி, துளை போட்டு, குழாயைப் பொருத்தினார். மழைக்காலத்தில் தண்ணீர் எவ்வளவுக்கு ஏறும் என்பதைக் கல்லில் படிந்திருந்த கோட்டைப் பார்த்தே கண்டுபிடித்தார். அதற்கு ஒரு முழம் மேலே மூன்று விளக்குகள். வீட்டுக் கரண்டைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகக் கூடாது, பன்னிரண்டு வோல்ட்டாக இறக்கித்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து என்றார். கண்ணாடி அடிப்பக்கம் வியர்த்துப் புகைபிடித்த மாதிரியாகிவிடும் என்பதால் காற்றுப் போக இரண்டு குழாய் வைக்கவேண்டுமென்று ஸாலிஹ் சொன்னதையும் அவரே செய்தார். வெளியே தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்தது. கடல் ரயில் பாதைக் கல்லில் மோதுகிற சத்தம் கிணற்றுக்குள்ளேயும் கேட்கிறது என்று அவர் மேலே வந்து சொன்னார்.

வேலைக்காரருக்காக நாகேஸ்வரி திரும்பவும் ஒழுங்காகச் சமைக்கத் தொடங்கினாள். குரக்கன் புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, சூடை மீன் பொரியல். இராமர் கிணற்றிலிருந்து ஈரத்தோடு ஏறி வந்ததும் துவாயை நீட்டுவாள். ஐந்தாம் நாள், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கீழே என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

“ஒண்ணும் இல்லீங்கம்மா. மணலு. ஒரு அலுமினியச் செம்பு கெடக்குது. எடுத்துத் தரவா?”

“கிடக்கட்டும் தம்பி.”

அவர்களுடைய மகனைப் பற்றி இராமர் அறிந்திருந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. அது நாகேஸ்வரிக்குப் பிடித்திருந்தது என்று நாகமணி நினைத்தார். வீட்டில் மனிதர் நடமாட்டம் இருந்த அந்த ஒன்பது நாளும் அவள் கொஞ்சம் தேறினாள்.

கடைசியாகச் செய்ய இருந்தது இரண்டு வேலை. கரண்ட் நின்றாலும் வெளிச்சம் அணையக்கூடாது என்று நாகேஸ்வரி கேட்டதால் ஒரு பற்றறி. பொழுதுபட்டதும் தானாகவே எரியட்டும், தாங்கள் கந்தோர் கந்தோராக அலைந்துவிட்டு எத்தனை மணிக்கு வந்துசேருவோமோ தெரியாது என்று நாகமணி கேட்டதால் ஒரு டைமர். இரண்டையும் சனிக்கிழமை பின்னேரம் இராமர் புறக்கோட்டையில் வாங்கினார். திங்கள் காலை அவற்றோடு வெள்ளவத்தைக்கு வரும் வழியில், காலி வீதிச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். பையைக் கொட்டச் சொன்னார்கள். பற்றறி, டைமர், இரண்டு சுருள் வயர், டேப், ஒரு டோர்ச். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர்.

கிணற்றுக்கு லைற் போடக் கொண்டுபோகிறேன் என்று அவர் சிங்களத்தில் சொன்னார். வீட்டுக்குள்ளே கிணறா என்று கேட்டார்கள். ஆமாம், மேலே கண்ணாடி என்றார். ஒருவன் சிரித்தான். மற்றவன் அறைந்தான்.

மத்தியானத்துக்கு மேல் மயிலம்மா நாகமணி வீட்டுக்கு வந்தாள். பஸ்ஸில் கூட வந்த ஒருவன் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. கையில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொல்லி, உள்ளே வரச் சொன்னதற்கும் வரவில்லை.

“ஐயா, நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒங்க வீட்டுச் சாமானுதான்னு சொன்னா விட்ருவாங்க. வேற யாரும் எங்களுக்கு இல்லீங்க.”

இராமரை வைத்திருந்த பொலிஸ் நிலையத்தில் நாகமணியை எல்லாருக்கும் தெரியும். கடைசித் தடவை போனபோது, இனி வந்து தொந்தரவு செய்தால் உன்னையும் உள்ளே வைப்போம் என்று சொல்லியிருந்தார்கள். அவர் சட்டையைப் போடுவதற்குள் நாகேஸ்வரி செருப்பைக் கொழுவிக்கொண்டு வாசலில் நின்றாள்.

அன்றைக்கு நிலையத்தில் யாரும் அவர்களைச் சந்திக்கவில்லை. மறுநாள் ஸாலிஹும் வந்து, தன் கடைப் பற்றுச்சீட்டைக் காட்டிப் பேசினார். மூன்றாம் நாள் பொலிஸ் வீட்டுக்கு வந்தது. ஆறு பேர். பாதி மூடியிருந்த கண்ணாடியை அகற்றினார்கள். மோட்டர் வைத்துத் தண்ணீர் முழுவதையும் இறைத்தார்கள். ஒரு ஆளை இறக்கி, விளக்குகளைக் கழற்றி, மணலைக் கிளறினார்கள். அலுமினியச் செம்பு மேலே வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தரையில் வைத்தார்கள். அறைகளையும் கிளறினார்கள். நாகேஸ்வரி சுவரோடு ஒட்டி நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். போகிற நேரம், அவர்களைக் கூட்டிவந்த அதிகாரிக்கு முன்னால் வந்து நின்று, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், இப்படித் தேட உங்களுக்குத் தெரிகிறதே, என் பிள்ளையை ஏன் தேடவில்லை என்று கேட்டாள். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். ஆனால் மறுநாள் இருவரையும் நிலையத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

அந்த அதிகாரி கோபப்படவில்லை. உட்காரக் கதிரை கொடுத்தார். இராமரின் சாமான்களை மேசையில் பரப்பி வைத்திருந்தார். கிணற்றைத் தான் நேரில் பார்த்துவிட்டதாகவும், வேலைக்காரன் சொன்னது உண்மையாக இருக்கலாமென்று தோன்றுவதாகவும் சொன்னார். பிறகு கடதாசிகள் கோத்த ஒரு கோவையை இழுத்துத் திறந்தார். அது கௌரீசனுடைய கோவை. இந்த முறைப்பாட்டால் மேலிடத்திலிருந்து ஒவ்வொரு கிழமையும் தனக்குக் கடிதம் வருகிறது என்றார். வெளிநாட்டுக்காரர்கூட விசாரிக்கிறார்கள். பிள்ளை வெளிநாட்டுக்குப் போய்விட்டான், தகவல் கிடைத்தது, முறைப்பாட்டைத் திரும்பப் பெறுகிறேன் என்று தாய் ஒரு கடிதம் கொடுத்தால் இந்தப் பிரச்சினை முடியும். பிரச்சினையில்லாத வீட்டில் வேலை செய்த ஆள் என்றால் இராமரை விடுவதில் சிரமம் இருக்காது. இல்லாவிட்டால் நாளைக்கு அவனைப் பூஸா தடுப்பு முகாமுக்கு அனுப்புகிற கடதாசியில் தான் கையெழுத்து வைக்கவேண்டியிருக்கும். இதையெல்லாம் அவர் தண்ணீர்க் கட்டணம் பற்றிப் பேசுகிறவரைப் போலச் சொன்னார்.

நாகமணி தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னார்.  

வெளியே வந்தார்கள். மதிலோரத்தில் மயிலம்மா குந்தியிருந்தாள். நான்கு நாளாக அவள் அங்கேதான் இருந்தாள். பிள்ளை அவள் மடியில் தூங்கியிருந்தது. அவர்களைக் கண்டதும் எழும்பினாள். இருவர் முகத்தையும் பார்த்தாள்.

நாகமணி மனைவியைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார்.

“நீர் மாட்டன் எண்டு சொன்னா நான் ஒண்டும் சொல்லமாட்டன். இன்னும் ஒரு வழி பாப்பம். லோயரைப் பிடிப்பம்.”

“நாளைக்கு அனுப்பிப்போடுவான் எண்டுதானே சொன்னவன்.”

“ஓம்.”

“பூஸாக்குப் போன ஆக்கள் வந்தவையோ?”

“சிலபேர் வந்தவை.”

நாகேஸ்வரி நிலையத்து மதிலைக் காட்டினாள். பிறகு சொன்னாள்:

“என்ர பிள்ளை எங்கை எண்டு எனக்குத் தெரியாது. அந்த மனிசன் இந்தச் சுவருக்கு அங்காலை இருக்கிறான். எழுதுங்கோ.”

நாகமணி நிலையத்து வாங்கில் உட்கார்ந்து எழுதினார். சிங்களத்தில், அவருடைய அந்த அழகான எழுத்தில், பிழையில்லாமல் எழுதினார். ஓரிடத்தில் கை நின்றது. அவள் பக்கத்தில் நின்று, முடித்துவிடுங்கோ என்றாள். கீழே தமிழில் கையெழுத்து வைத்தாள். சேலைத் தலைப்பை அவிழ்த்து முறைப்பாட்டுத் துண்டையும் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தாள். பொலித்தீன் பையைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இராமரை மறுநாள் மத்தியானம் விட்டார்கள். ஸாலிஹ் முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனார். இடது காது கேட்காமல் போயிருந்தது. வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை.

மூன்று கிழமை கழித்து ஒரு காலை அவர் மயிலம்மாவோடு வந்து நின்றார். வேலையை முடிக்க வந்ததாகச் சொன்னார். வேண்டாம், ஆளை விட்டதே போதும், நீர் போய் ஓய்வெடும் என்று நாகமணி எவ்வளவோ சொன்னார். அவருக்கு அது சரியாகக் கேட்கவில்லையா, கேட்காத மாதிரி இருந்தாரா தெரியாது. பையைத் திறந்து சாமான்களை எடுத்து வைத்தார். டைமரையும் பற்றறியையும் பொலிஸ் திருப்பித் தரவில்லை. அவை இல்லாமலே செய்வோம் என்றார். இந்த முறை கயிற்றைப் பிடித்தவர்களில் மயிலம்மாவும் ஒருத்தி. அவர் விரல் பிடிக்காத இடத்தில் ஸ்க்ரூவைப் பல்லில் கடித்துக்கொண்டு முடுக்கினார்.

அந்தக் கடிதத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லவேண்டாமென்று நாகேஸ்வரி மயிலம்மாவிடம் கேட்டிருந்தாள். மயிலம்மா அன்றைக்கு முழுவதும் நாகேஸ்வரியின் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்படியில் அவளுக்குப் பக்கத்தில் நின்று, சொல்லாமலே தேங்காய் துருவிக் கொடுத்தாள், வெங்காயம் உரித்துக் கொடுத்தாள், பாத்திரங்களைக் கழுவி வைத்தாள்.

பின்னேரம் நாலு மணிக்குக் கண்ணாடியைப் போட்டு மூடினார்கள். இராமர் லைற் ஆளியைக் காட்டி, அம்மா போடட்டும் என்றார்.

அவள் போட்டாள். இறைத்த கிணற்றில் புதிதாக ஊறியிருந்த தண்ணீர் தெளிந்து கிடந்தது. கருங்கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அடியில் மணல் வெள்ளையாக, கிளறிய தடம்கூட இல்லாமல், ஒரு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது. நாகேஸ்வரி கண்ணாடியின் ஓரத்தில் குந்தி நெடுநேரம் பார்த்தாள். பார்க்கிறதற்கு அங்கே ஒன்றுமில்லை. எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

“நல்லா இருக்கு தம்பி” என்றாள். எழும்பும்போது கையை நிலத்தில் ஊன்றித்தான் எழும்பினாள்.

இராமர் கூலி வாங்கவில்லை. அவர் வற்புறுத்தலுக்கு இசையமாட்டார் என்று தெரிந்து நாகமணியும் விட்டுவிட்டார். வாசலில் இராமர் குனிந்து நாகேஸ்வரியின் காலைத் தொட்டார். தன்னை மீட்க அவள் நிலையத்து வாசலில் நாலு நாள் வந்து நின்றதற்காக என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

அடுத்த வருடம் மாசியில் ஒரு விசாரணைக் குழு கொழும்பில் அமர்ந்தது. காணாமற்போனவர்களின் உறவினரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பழைய பட்டியலொன்றில் கௌரீசனின் பெயர் இன்னும் இருந்திருக்க வேண்டும், நாகேஸ்வரிக்கும் கடிதம் வந்தது. நாகமணி அப்போது பாரிசவாதம் வந்து படுக்கையில் இருந்தார். அவள் தனியாகப் போனாள். பெரிய மண்டபம் ஒன்றில் நூற்றைம்பது இருநூறு பேர், பெரும்பாலும் பெண்கள், மடியில் படங்களோடு இருந்தார்கள். அவளும் படம் கொண்டுபோயிருந்தாள்.

மூன்று பேர் மேசையில் இருந்தார்கள். பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர், இளம் பெண், நல்ல தமிழ் பேசினாள். நடுவில் இருந்தவர் கோவையைப் புரட்டினார். ஒரு தாளில் நின்றார். அதை மற்ற இருவருக்கும் காட்டினார்.

“அம்மா, உங்கள் மகன் வெளிநாடு போய்விட்டார் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். இது உங்கள் கையெழுத்தா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

நாகேஸ்வரி தாளைப் பார்த்தாள். நாகமணியின் எழுத்து. கீழே தன் பெயர்.

“ஓம். என்ர கையெழுத்துத்தான்.”

யாராவது வற்புறுத்தி எழுதச் சொன்னார்களா என்று கேட்டார்கள். மண்டபத்தின் ஓரத்தில், சுவரோடு, சாதாரண உடுப்பில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவனை அவளுக்குத் தெரியும். கிணற்றுக்குள் இறங்கி மணல் கிளறியவன். கொட்டாஞ்சேனையில் இராமரின் வீடு எந்த ஒழுங்கையில் என்று அவனுக்கும் தெரியும்.

“இல்லை” என்றாள். “நானாத்தான் எழுதினனான்.”

நடுவில் இருந்தவர் பேனாவை எடுத்தார். படிவத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“எந்த நாடு அம்மா?”

நாகேஸ்வரி இதை எதிர்பார்த்திருக்கவில்லை. கடிதத்தில் நாடு எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஒழுங்கையில் உள்ள பிள்ளைகள் போன நாடுகளெல்லாம் மனதில் வந்தன. கனடா. லண்டன். நோர்வே. எல்லாம் பனி கொட்டுகிற நாடுகள். கௌரீசனுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மார்கழி மாதத்துக் குளிருக்கே இரவிரவாக உட்கார்ந்திருந்து மூச்சு விடுவான்.

பின்னால் இருந்தவர்கள் அசையத் தொடங்கினார்கள். அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தாள்.

“அவுஸ்திரேலியா” என்றாள் நாகேஸ்வரி.

அவர் எழுதினார். எழுதி முடிக்கும்வரை அவள் நின்றாள். பிறகு படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்தவளுக்கு இடம் விட்டாள்.